பழைய ஸ்லாஷர் படமும் அதன் ரீமேக்கும்: வீட்டில் கூட்டமாகப் பார்த்து உருப்படியாக வாதாடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்வது என் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சனிக்கிழமை ராத்திரி ஸ்டுடியோவின் மாடி ஹாலில் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கூடிப் படம் பார்ப்போம். அதிகம் ஓடுவது பழைய ஸ்லாஷர் படங்களும், அதாவது கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிற திகில் படங்களும், அவற்றின் ரீமேக்குகளும்தான். ஒரே கதையை இரண்டு பேர் எடுத்ததைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் பேச ஆரம்பித்தால், யார் எதற்குப் பயப்படுகிறார்கள், யாருக்கு எது பாவமாகப் படுகிறது என்பதெல்லாம் வெளியே வரும். எனக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் சும்மா இரண்டையும் போட்டுவிட்டு "எது நல்லா இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பேச்சு வராது. "பழசுதான் கெத்து" என்று ஒரு பக்கம், "பழசு ஒரே இழுவை" என்று மறு பக்கம், இரண்டே நிமிடத்தில் முடிந்துபோகும். அப்படி முடியாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்றுதான் இதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் நண்பர்களோடு செய்து பாருங்கள்.

ரீமேக் சண்டை நம் மாவட்டத்துக்குப் புதிதே இல்லை. மலையாளமும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கிற ஊர் இது. 'மணிச்சித்திரத்தாழ்' 1993-ல் வந்தது. அதில் பாதி இங்கே தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைதான். 2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் ஏற்கெனவே ஷோபனாவை மனதில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். நாகர்கோவில் பக்கம் பலருக்கு ஜோதிகாதான் முதல். இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், எதை யார் முதலில் பார்த்தார்களோ அதற்காகத்தான் வாதாடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற ஏற்பாட்டுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

எந்த ஜோடி

முதல் தடவைக்கு 'ஹாலோவீன்' எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கார்பென்டர் எடுத்த 1978 படம், ராப் ஸாம்பி எடுத்த 2007 ரீமேக். கதை ஒன்றுதான். சின்ன வயதில் அக்காளைக் கொன்ற பையன் மனநல மருத்துவமனையில் வளர்ந்து, ஒருநாள் தப்பித்து, முகமூடியோடு சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறான். இந்த ஜோடி நமக்கு வசதி. ஏனென்றால் ரீமேக்காரர் பழையதை நகல் எடுக்கவில்லை, வேண்டுமென்றே வேறு பாதையில் போயிருக்கிறார். கருத்து இரண்டாகப் பிரிய இடம் தாராளமாக இருக்கிறது. அமெரிக்காவிலேயே அப்படித்தான் பிரிந்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் ரீமேக்கைத் திட்டினார்கள். ஆனால் அங்கே தொழிலாளர் தின விடுமுறையில் வெளியாகி முதல் நான்கு நாளில் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த விடுமுறைக்கு அதுவரை எந்தப் படமும் அவ்வளவு எடுத்ததில்லை.

ஒன்றை முதலிலேயே கவனியுங்கள். 2007 படத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. தியேட்டரில் ஓடியது 109 நிமிடம். பின்னால் வெளியிட்ட நீண்ட வடிவம் 121 நிமிடம். நீண்டதில் மருத்துவமனையில் நடக்கிற பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று வருகிறது, தியேட்டர் வடிவத்தில் அந்த இடத்தில் வேறு காட்சி. கூட்டமாகப் பார்க்க 109 நிமிட வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்துப் போட்டுவிடாமல் நீளத்தைப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டுமே பெரியவர்களுக்கான படம். பிள்ளைகளைக் கீழே பாட்டியோடு விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பழையதில் கொலை உண்டு, ரத்தம் மிகக் குறைவு, புதியதில் அடி, ரத்தம், கெட்ட வார்த்தை, விலங்கு வதை, ஒரு தற்கொலை எல்லாம் உண்டு. இதைச் சொல்வதால் படத்தின் சுவை கெட்டுவிடாது. "எனக்கு வேண்டாம் அக்கா" என்று ஒருவர் ஒதுங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தவர்களை நானே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

யார் எதை முதலில் பார்ப்பது

இதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாரையும் உட்காரவைத்து முதலில் பழையது, அப்புறம் புதியது என்று காட்டினால், புதியது எப்போதும் பரீட்சை எழுதுகிற பிள்ளையாகிவிடும். எல்லாரும் பழையதை வைத்து அதற்கு மார்க் போடுவார்கள். அதனால் கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் முதல் சனிக்கிழமை 1978 படம் பார்க்கட்டும், மீதிப் பேர் 2007 படம். அடுத்த சனிக்கிழமை மாற்றிப் பாருங்கள். ஒரே ஹால்தான் இருக்கிறது என்றால் ஒரு குழு ஆறு மணிக்கு வரட்டும், மற்றது எட்டரைக்கு. பழைய படம் 91 நிமிடம்தான், தாராளமாக நேரம் இருக்கும். எட்டரைக் குழுவில் தூரத்திலிருந்து வருகிறவர்களைப் போடாதீர்கள், குலசேகரம் பக்கம் ராத்திரி பஸ் பிடிப்பது சிரமம்.

இரண்டு படமும் பார்த்து முடியும்வரை இரண்டு குழுவும் படத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று சொல்லிவையுங்கள். முழுக்கக் கடைப்பிடிக்க மாட்டார்கள், அண்ணன் ஒரு குழு தங்கச்சி ஒரு குழு என்றால் வீட்டில் பேசத்தான் செய்வார்கள். இருந்தாலும் சொல்லிவைத்தால் பாதியாவது நடக்கும்.

ஹாலைத் தயார் செய்வது

என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன்.

1978 படம் அகலத் திரைக்காக எடுத்தது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அந்த அகலத்தை முழுதாகப் பயன்படுத்தியிருக்கிறார். பெண் நடுவில் நடந்துபோவாள், கொலைகாரன் ஓரத்தில் நிற்பான். டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் செய்தால் ஓரத்தில் நிற்கிற ஆள் காணாமல் போவான், அப்புறம் "பயமே இல்லையே" என்பார்கள். பட்டை இருக்கட்டும்.

அடுத்தது டிவியில் அசைவை மென்மையாக்குகிற அமைப்பு. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள், அல்லது படத்துக்கான மோடை 'சினிமா' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் சாயங்கால சீரியல் போல வழவழவென்று ஓடும், பயம் ஒட்டாது. வெளிச்சத்தைக் கூட்டவே கூடாது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று புகார் வரும், தெரியாமல் இருப்பதற்காகத்தான் அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஹாலில் விளக்கை அணையுங்கள், ஜன்னலுக்குப் பெட்ஷீட் கட்டுங்கள்.

சத்தத்துக்கு டிவியின் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், தனியாக ஒரு ஜோடி வையுங்கள். கார்பென்டரே போட்ட இசை அது. தயாரிப்பு நிறுவனத்து அதிகாரி ஒருவர் இசை சேர்க்காத படத்தைப் பார்த்துவிட்டுப் பயமே வரவில்லை என்றதாகவும், அதன் பிறகு இசையால் படத்தைக் காப்பாற்றியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பியானோ ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. கோயில் கொடைக்குத் தவில் வாசிக்கிற என் சித்தப்பா மகன் படம் தொடங்கிய உடனேயே தொடையில் தட்டி "தகதகிட, தகதகிட, கண்டமாக்கும்" என்றான். நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுக்கு அந்த ஐந்து எங்கேயும் கால் ஊன்றவிடாது. நிம்மதியாக உட்கார முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரீமேக்கிலும் டைலர் பேட்ஸ் அதே மெட்டைத்தான் எடுத்து ஆண்டிருக்கிறார், ஆனால் சுற்றிலும் இரைச்சல் அதிகம்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் மழை பிடித்த பிறகு எந்த வசனமும் கேட்காது. தகரக் கூரை என்றால் மாசி, பங்குனி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கான்கிரீட் கூரை இருக்கிற வீட்டைப் பிடியுங்கள். இன்வெர்ட்டரில் டிவியோடு சேர்த்து ஸ்பீக்கரும் ஓடுமா என்று முந்தின நாளே சோதித்துப் பாருங்கள்.

சாப்பாடு படத்துக்கு முன்னாலேயே முடியட்டும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தட்டில் இருந்தால் கண் திரையில் இருக்காது. நடுவில் கொறிக்க நேந்திரங்காய் சிப்ஸும் வேண்டாம், அமைதியான காட்சியில் அந்தக் கடுக்முடுக் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கட்டன் சாயா போதும். போன்களை ஒரு கூடையில் வாங்கி வையுங்கள்.

படத்துக்கு முன்னால் எவ்வளவு சொல்லலாம்

மிகக் கொஞ்சம். கதையைச் சொல்லாதீர்கள். ஆங்கில வசனம் பிடிபடாதவர்களுக்கு நாலு பெயரும் உறவும் சொல்லுங்கள்: மைக்கேல், அவனைத் தேடிவரும் டாக்டர் லூமிஸ், படிக்கிற பெண் லோரி, அவள் தோழிகள். ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கவே வேண்டாம். பயமான இடங்களில் யாரும் பேசுவதே இல்லை.

பழைய படம் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது, அது எவ்வளவு சின்னப் படம் என்பதைத்தான். சுமார் 3,25,000 டாலரில் எடுத்தது. கதை நடப்பது இலையுதிர் காலத்து இல்லினாய், எடுத்தது வசந்தகாலத்துக் கலிபோர்னியா. சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் திரும்பப் பொறுக்கி அடுத்த ஷாட்டுக்குக் கொட்டினார்கள். முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடி. புருவத்தைப் பிடுங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். இதைச் சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் "இவ்வளவுதானா" என்ற அலட்சியம் போய் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். சிலருக்குப் பின்னணியில் பனை மாதிரி மரம்கூடக் கண்ணில் படும், இல்லினாயில் அது ஏது! நம் ஊர்க்காரர்களுக்கு அது தப்பவே தப்பாது.

ரீமேக்கை முதலில் பார்க்கிறவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதற்கு 1.5 கோடி டாலர் செலவு என்பதைக்கூடப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சீட்டு

படம் முடிந்த உடனே விளக்கைப் போடாதீர்கள். பெயர் ஓடட்டும். விளக்குப் போட்டதும் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு சீட்டும் பேனாவும் கொடுங்கள். இது கட்டாயம். நம் வீடுகளில் மூத்தவர் ஒருவர் "கொள்ளாம்" என்றோ "ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றோ சொல்லிவிட்டால் மீதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மாமா முன்னால் மருமகள் எதிர்த்துப் பேச மாட்டாள். எழுதச் சொன்னால் எழுதுவாள்.

நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள். எந்த இடத்தில் கண்ணை மூடினீர்கள், அல்லது மூடத் தோன்றியது? எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள்? யாருக்காக மனம் சங்கடப்பட்டது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், காட்சியைச் சொன்னால் போதும், காரணம் வேண்டாம். பெயர் எழுத வேண்டாம், எந்தப் படத்தை முதலில் பார்த்தார்கள் என்று மட்டும் மூலையில் குறிக்கட்டும்.

இரண்டு வாரச் சீட்டும் சேர்ந்த பிறகு தரையில் பரப்பிப் போட்டு எல்லாரையும் சுற்றி உட்காரவையுங்கள். பேச்சு தன்னால் ஆரம்பிக்கும். எங்கள் ஹாலில் வந்த சீட்டுகளிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நீங்கள் பேச்சை நடத்தும்போது எதைப் பிடித்து இழுக்கலாம் என்று தெரியும்.

"கண்ணை மூடிய இடம்" என்பதில் பழைய படத்துக்கு அதிகம் வந்தது ஒரு கொலையே இல்லை. படத்தின் கடைசிப் பகுதியில் லோரி ஒரு இருட்டு அறையின் வாசலோரம் சாய்ந்து அழுதுகொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் வாசல் முழுக்க கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒன்றும் இல்லை என்றுதான் நாம் பார்த்துக்கொண்டிருப்போம். வெட்டு இல்லை, கேமரா நகரவும் இல்லை. மெல்ல மெல்ல அந்த வெள்ளை முகம் கறுப்புக்குள்ளிருந்து மேலே வரும். புதிதாக உள்ளே வந்த ஆள் இல்லை அவன், அதுவரை அங்கேயேதான் நின்றிருக்கிறான். கல்யாண ஆல்பத்தில் இருட்டை எல்லாம் தூக்கி வெளிச்சமாக்கித் தருகிற வேலை செய்கிறவள் நான். இந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டி, முகம் எந்த நொடியில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நொடி சொல்வார்கள். இந்தப் படத்தின் பயம் என்ன ஜாதி என்று அப்போது எல்லாருக்கும் பிடிபடும்.

அதே மாதிரி பகல் வெளிச்சத்தில் கொடியில் துணி காய்கிற இடம். ஜன்னல் வழியே லோரி பார்க்கிறாள், துணிகளுக்கு நடுவே அவன் நிற்கிறான், மறுபடி பார்த்தால் இல்லை. என் அத்தை மகள் இதைத்தான் எழுதியிருந்தாள். பேசும்போது சொன்னாள்: "அக்கா, அவன் ஓடவே மாட்டேங்கான். நின்னுட்டே இருக்கான். அதாக்கும் எனக்குப் பயம்." எங்கள் சித்தப்பாவோ, "சும்மா ஒருத்தன் துணிக்கொடியோரம் நிக்கான், இதுக்கா பயம்?" என்றார். இருவரும் சொன்னது ஒரே ஷாட்டை. இந்த மாதிரி ஜோடி கிடைத்தால் விடாதீர்கள், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

ரீமேக்குக்கு வந்த சீட்டுகளில் கண்ணை மூடிய இடம் எல்லாம் அடி, குத்து, சுவர் இடிவது. ராப் ஸாம்பியின் மைக்கேலாக வருகிற டைலர் மேன் முன்னாள் மல்யுத்த வீரர், ஆறரை அடிக்கு மேல் உயரம். அவர் நிழல் மாதிரி நிற்பதில்லை, கதவை உடைத்துக்கொண்டு வருவார். கல்லூரிப் பையன்களுக்கு இது பிடித்திருந்தது. "மொத படத்துல அவனுக்கு ஒரு பலமும் தெரியல, இதுல பாத்தியளா" என்றார்கள். நியாயமான ரசனைதான் அது, மட்டம் தட்டாதீர்கள். உடம்புக்கு வருகிற பயமும் பயம்தான்.

ஆனால் "யாருக்காகச் சங்கடப்பட்டீர்கள்" என்ற சீட்டுகளை எடுத்தால் எதிர்பாராதது வரும். ரீமேக்கில் கிட்டத்தட்ட முதல் பாதி முழுக்க மைக்கேலின் சின்ன வயது. பழைய படத்தில் அவனுக்கு ஆறு வயது, ஏன் கொன்றான் என்று ஒரு சொல்லும் இல்லை. ரீமேக்கில் பத்து வயது. குடிகாரன் ஒருவனின் ஏச்சு, பள்ளிக்கூடத்தில் அடாவடிப் பையன்கள், இரவு கிளப்பில் ஆடிப் பிழைக்கிற அம்மா. அவன் மருத்துவமனையில் முகமூடி செய்துகொண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டே போக, அம்மா வாரா வாரம் வந்து எதிரில் உட்காருகிறாள். எங்கள் சித்தி அந்த ஒரு காட்சியைத்தான் மூன்று கேள்விக்கும் எழுதியிருந்தார். "அந்த அம்மைக்க முகம் மனசுல நிக்குது மக்ளே. பெத்தவளுக்க கெதி பாத்தியா" என்றார். அப்புறம் கொலையெல்லாம் நடந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை.

அமெரிக்க ரசிகர்கள் இந்த முதல் பாதியைத்தான் அதிகம் திட்டினார்கள். காரணம் சொல்லிவிட்டால் மர்மம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். படம் எடுக்கும் முன் ராப் ஸாம்பியிடம் உன் படமாகவே எடு என்று சொன்ன கார்பென்டரே, பின்னாளில் அது அளவுக்கு மீறி விளக்கிவிட்டது என்று பொதுவில் சொன்னார். எங்கள் ஹாலில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குறையே தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால் இது இயல்பு. அதே 1978-ல் நமக்கு 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. பாரதிராஜாவின் கொலைகாரனுக்கு ஒரு சின்ன வயதுக் கதை இருக்கிறது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று படம் நமக்குச் சொல்லிவிடுகிறது. தமிழில் கெட்டவனுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு என்று பழகிய கண்ணுக்கு, காரணமே இல்லாத மைக்கேல்தான் அரைகுறையாகத் தெரிகிறான். ரீமேக் அந்தக் குறையைத் தீர்த்துவைத்த மாதிரி இருக்கிறது. இந்த இடத்தைப் பேச்சில் கட்டாயம் தொடுங்கள். நேராக இப்படிக் கேளுங்கள்: பக்கத்துத் தெருவில் ஒரு கொலை நடந்தால், கொன்றவன் ஏன் கொன்றான் என்று தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையுமா, கூடுமா? எங்கள் ஹாலில் அன்றைக்கு இந்தக் கேள்வியோடுதான் சாயா இரண்டாவது தடவை போட வேண்டியதாயிற்று.

"மணி பார்த்த இடம்" சீட்டுகளையும் தள்ளிவிடாதீர்கள். பழைய படத்தில் இளையவர்கள் எல்லாரும் தோழிகள் நடந்து நடந்து பேசுகிற பகல் காட்சிகளை எழுதியிருந்தார்கள். அது இழுவை என்றால் இழுவைதான், ஆனால் அந்தத் தெருவும் வீடுகளும் நமக்குப் பழகிவிடுவதால்தான் ராத்திரியில் எந்த வேலிக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்று மனம் தேடுகிறது. ரீமேக்கில் மணி பார்த்தவர்கள் எழுதியது இரண்டாம் பாதி. என் தொழில்முறைத் தீர்ப்பும் அதுதான். முதல் பாதியை முழுக்கப் பையனுக்குக் கொடுத்துவிட்டதால், பழைய படம் ஒன்றரை மணி நேரம் எடுத்துச் சொன்னதை மிச்சமிருக்கிற நேரத்தில் அடக்க வேண்டியிருக்கிறது. லோரியை நமக்குத் தெரியவருவதற்குள் அவளைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறான். காத்திருக்க நேரமில்லாத படத்தில் பயத்துக்கும் இடமில்லை. ராப் ஸாம்பி அந்தப் பையன் கதையை மட்டும் தனிப் படமாக எடுத்திருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு 1978-தான்.

இதை நான் கடைசியில்தான் சொல்வேன். நடத்துகிறவர் முதலில் தீர்ப்புச் சொன்னால் சீட்டு எழுத வைத்ததற்கே அர்த்தமில்லை.

மூலையில் குறித்த எழுத்தையும் கடைசியில் எண்ணிப் பாருங்கள். ரீமேக்கை முதலில் பார்த்தவர்களில் சிலர் பழைய படத்துக்கு வந்தபோது, பேசாத அந்த ஆளுக்குள் அந்தப் பத்து வயதுப் பையனை வைத்துப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்குப் பழைய படம் வேறு படம். அவர்களைத் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

வாக்குவாதம் சூடேறும். ஏறட்டும். ஒரு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள்: யாரும் "படம்" என்று பொதுவாகப் பேசக்கூடாது, "இந்தக் காட்சி" என்று சொல்லித்தான் பேச வேண்டும். காட்சியைச் சொன்னால் அதை ஓட்டிப் பார்த்துவிடலாம். "அந்தக் காலத்துல எடுத்த மாதிரி இப்ப எவன் எடுக்கியான்" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த இடம் மாமா, போடட்டுமா?" என்று ரிமோட்டை எடுங்கள்.

கிளம்பும்போது தனியாக வீட்டில் படுக்கிறவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒரே வீடாக இருக்கிற அக்காவை நாங்கள் தனியே அனுப்புவதில்லை. இரண்டு பேர் பைக்கில் கொண்டுவிட்டு, அவர் விளக்குப் போடும்வரை நின்று வருவார்கள்.

அடுத்த ஜோடி

இது பிடித்துப்போனால் 'டெக்சாஸ் செயின் சா மாசகர்', டோபி ஹூப்பரின் 1974 படமும் மார்கஸ் நிஸ்பலின் 2003 ரீமேக்கும் எடுங்கள். இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஒரே ஆள், டேனியல் பெர்ல். கிட்டத்தட்ட முப்பது வருட இடைவெளியில் அதே கதைக்கு அவரே வேறு வெளிச்சம் வைத்திருக்கிறார். கேமரா, எடிட்டிங் படிக்கிற பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. பழையதில் வெயிலே வேர்க்க வைக்கும், அதில் நாம் பார்த்ததாக நினைக்கிற ரத்தத்தில் பாதி திரையில் இல்லை. 1974-ன் 'பிளாக் கிறிஸ்மஸ்' 2006, 2019 என்று இரண்டு தடவை ரீமேக் ஆனது. பொறுமை உள்ள கூட்டத்துக்கு மட்டும் அதை வையுங்கள்.

நேரமே இல்லை, ஒரே ஒரு மணி நேரம்தான் என்றால் 'சைக்கோ'. ஹிட்ச்காக் எடுத்தது 1960-ல், கறுப்பு வெள்ளை. கஸ் வான் சான்ட் 1998-ல் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே கலரில் திரும்ப எடுத்தார். 'ஹாலோவீன்' லோரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸின் அம்மா ஜேனட் லீதான் பழைய 'சைக்கோ'வில் குளியலறையில் கொலையாகிறவர். முழுப் படமும் வேண்டாம், அந்தக் குளியலறைக் காட்சியை மட்டும் இரண்டு லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, அப்புறம் சத்தத்தோடு. இரண்டு தடவைக்கும் தனித்தனிச் சீட்டு.